பச்சை வெளிச்சம் செடிக்கு வீண்தானா? ஊதா விளக்கு வாங்கலாமா?

கேள்வி | 11.08.2024

அக்கா, மாடிப்படிக்குக் கீழே ரேக் போட்டு மிளகாய், தக்காளி நாற்று விடப் போகிறேன். அங்கே வெயில் எட்டாது, விளக்குதான் கதி. பச்சை ஒளியை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதால்தான் இலை பச்சையாகத் தெரிகிறதாம். அதனால் வெள்ளை விளக்கில் இருக்கிற பச்சை மொத்தமும் கரண்ட் தண்டமாம். சிவப்பும் நீலமும் மட்டும் எரிகிற ஊதா விளக்குதான் செடிக்கு ஏற்றது என்று பார்த்த வீடியோவில் எல்லாம் சொல்கிறார்கள். சாதா எல்இடியைவிட மூன்று மடங்கு விலை. வாங்கிவிடட்டுமா?

11.08.2024, இரவு

வாங்காதே. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். விடிவதற்குள் நாற்பது குழித்தட்டு வண்டியில் ஏற்ற வேண்டும்.

12.08.2024

நான் வாங்கி அனுபவித்தவள். ராயக்கோட்டைப் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம், பத்து நாள் வெயிலே இல்லை. ஆசைப்பட்டு நாலு ஊதா விளக்கு வரவழைத்து முளைப்பு அறையில் தொங்கவிட்டேன். ராத்திரியில் ஜன்னல் வழியாக ரோடு வரைக்கும் கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம். பால் ஊற்ற வந்தவர் "உள்ளே என்னம்மா, ரெக்கார்டு டான்ஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாற்று மோசமில்லை. குட்டையாக, கெட்டியாக வந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை பச்சையாகத் தெரியாது, கறுப்பாகத் தெரியும். நல்ல இலையும் கறுப்பு, பழுத்த இலையும் கறுப்பு. ஒரு தட்டில் இலைப்பேன் விழுந்து கொழுந்து சுருண்டு வெளிறிப் போனது எனக்குத் தெரியவே இல்லை. நாலு நாள் கழித்து வெளியே தூக்கி வந்தபோதுதான் பார்த்தேன். அதற்குள் பக்கத்துத் தட்டுகளுக்கும் பரவிவிட்டது. பிறகு நோய் பார்க்க டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தேன். விளக்கு எரிகிற அறைக்குள் டார்ச்!

அதே அறையில் மறுபக்கம் சாதா வெள்ளை எல்இடி டியூப் போட்டிருந்தேன். அந்த நாற்றும் ஏறக்குறைய அதே மாதிரிதான் வந்தது. மூன்று மடங்கு விலைக்கு மூன்று மடங்கு வித்தியாசம் என் கண்ணில் படவில்லை.

13.08.2024

சரி, பச்சைக்கு வருவோம்.

1882இல் ஜெர்மனிக்காரர் தியோடர் எங்கல்மான் ஒரு அழகான வேலை செய்தார். நூல் போன்ற பாசி ஒன்றின் மேல், பட்டகம் வழியாகப் பிரித்த ஒளியை வானவில் மாதிரி விழவிட்டார். அந்தத் தண்ணீரில் ஆக்சிஜனைத் தேடிப் போகிற பாக்டீரியாவையும் விட்டார். பாசியில் எங்கே ஒளிச்சேர்க்கை நன்றாக நடக்கிறதோ அங்கே ஆக்சிஜன் வரும், அங்கே பாக்டீரியா மொய்க்கும். மொய்த்த இடம் இரண்டு: சிவப்பு விழுந்த பகுதி, நீலம் விழுந்த பகுதி. பச்சையில் கூட்டம் சேரவில்லை.

"பச்சை உதவாது" என்ற பேச்சுக்கு வேர் இது மாதிரிப் படங்கள்தான் என்று நினைக்கிறேன். பச்சையத்தை மட்டும் ஆல்கஹாலில் கரைத்து எடுத்து, எந்த நிறத்தை விழுங்குகிறது என்று வரைந்தாலும் இதே இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம் வரும். வீடியோக்காரர்கள் காட்டுவது அந்தப் படத்தைத்தான்.

ஆனால் இலை என்பது பச்சையக் கரைசல் இல்லை. உள்ளே அடுக்கடுக்காக உயிரணு, இடையிடையே காற்று. உள்ளே நுழைந்த பச்சை ஒளி முதல் அடியில் சிக்காவிட்டாலும் அங்கே முட்டி இங்கே மோதி, பத்தாவது தடவையாவது ஒரு பச்சையத்திடம் மாட்டிக்கொள்ளும். கடைசியில் 90 சதவீதத்தை இலை விழுங்கிவிடும். தப்பி வருகிற மிச்சம்தான் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. நம் கண்ணுக்குப் பச்சை என்றால் கொள்ளைப் பிரியம், கொஞ்சம் வந்தாலே நிறையத் தெரியும்.

அதைவிட சுவாரசியம் ஒன்று. கல்யாணப் பந்தி மாதிரி யோசி. சிவப்பையும் நீலத்தையும் இலையின் மேல் வரிசைக்காரர்களே காலி செய்துவிடுவார்கள். கீழ் வரிசை வரை போய்ச் சேருவது பச்சைதான். வெளிச்சம் பலமாக இருக்கும்போது மேல் வரிசைக்கு ஏற்கனவே வயிறு முட்டியிருக்கும். அந்த நேரத்தில் கூடுதலாகச் சிவப்பு கொடுப்பதைவிடப் பச்சை கொடுத்தால் இலைக்கு லாபம் என்று 2009இல் ஜப்பானில் தெராஷிமா குழு காட்டியது.

14.08.2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லா இலைக்கும் 90 என்கிற மாதிரி எழுதிவிட்டேன். தடித்த, என்றும் பசுமையான மரத்து இலைக்கு அது சரி. லெட்டூஸ் மாதிரி வெளிறிய மெல்லிய இலை பச்சை ஒளியில் பாதியைத்தான் பிடிக்கும். மற்ற இலைகள் இடையில் எங்கோ.

இன்னொன்று: அமெரிக்காவில் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் முழு இலையை எடுத்து, ஒவ்வொரு நிறமாகக் கொடுத்து அளந்து 1972இல் வெளியிட்டார். விழுங்கிய ஒளிக்குக் கணக்குப் பார்த்தால் சிவப்புதான் முதல். பச்சை ஒன்றும் நீலத்தைவிட மட்டமில்லை. நீலத்தில் ஒரு பங்கை மஞ்சள் நிறமிகள் பிடித்துவிடும், அவை பிடித்ததை முழுசாகப் பச்சையத்திடம் ஒப்படைப்பதில்லை. இடைத்தரகர் கமிஷன்.

18.08.2024

"அப்படியென்றால் நிறமே முக்கியமில்லையா?" என்று கேட்டிருக்கிறாய். அப்படிச் சொல்லவில்லை. இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள் என்றுதான் சொல்கிறேன். வெளிச்சம் செடிக்குச் சோறு. அதே வெளிச்சம் செடிக்குச் சேதியும். சோறு விஷயத்தில் செடி பெரிதாகப் பேதம் பார்க்காது, கிடைத்த நிறத்தைத் தின்னும். சேதி விஷயத்தில் அப்படி இல்லை. குறிப்பிட்ட நிறம் வந்தால்தான் அதற்கு அர்த்தம். சேதி படிப்பது பச்சையம் இல்லை, வேறு புரதங்கள். அளவில் துளியூண்டு.

சிவப்பைப் படிக்கிற புரதத்துக்குப் பெயர் ஃபைட்டோகுரோம். நமக்குக் கண் தொடும் கடைசிச் சிவப்பு ஒன்று இருக்கிறது இல்லையா, அதற்கும் அப்பால், பார்த்தால் இருட்டு மாதிரியே மங்கலாகத் தெரிகிற சிவப்பு. அதைத் தூரச்சிவப்பு என்பார்கள். 660 நானோமீட்டர் பக்கம் சாதாச் சிவப்பு, 730 பக்கம் தூரச்சிவப்பு. ஃபைட்டோகுரோம் ஒரு தாழ்ப்பாள். சிவப்பு பட்டால் திறக்கும், தூரச்சிவப்பு பட்டால் மூடும்.

இதைக் கண்டுபிடித்த சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விதைதான் அதில் கதாநாயகன். 1952, அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆராய்ச்சி நிலையம். போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழு. நனைத்த லெட்டூஸ் விதையை இருட்டில் வைத்து, ஒரு நிமிடம் சிவப்பு காட்டினார்கள், 70 சதவீதம் முளைத்தது. சிவப்புக்குப் பிறகு தூரச்சிவப்பு காட்டினார்கள், 6 சதவீதம். மறுபடி சிவப்பு, 74. மறுபடி தூரச்சிவப்பு, 6. இப்படி மாற்றி மாற்றி எத்தனை தடவை காட்டினாலும் விதை கடைசியாகப் பார்த்த நிறத்தைத்தான் கேட்டது. எங்கள் பண்ணையில் கடைசியாக யார் வந்து பேசுகிறார்களோ அவர்கள் பேச்சைக் கேட்கிற ஒருவர் இருக்கிறார். அவர் இதைப் படிக்க மாட்டார்.

விதைக்கு இது எதற்கு? மேலே இலைக்கூரை இருந்தால் அது சிவப்பைத் தின்றுவிட்டுத் தூரச்சிவப்பை மட்டும் கீழே விடும். பொடி விதை அதைப் படித்துவிட்டு, இப்போது முளைத்தால் சாவுதான் என்று தூங்கும். கையிருப்பு மாவு அவ்வளவு கம்மி.

20.08.2024

டிவி ரிமோட்டைக் காட்டினால் தூரச்சிவப்பு கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கிடைக்காது. ரிமோட் வெளிச்சம் பெரும்பாலும் 940 நானோமீட்டர், அது ஃபைட்டோகுரோமுக்கு எட்டாத தூரம். செடி சேனல் மாறாது.

26.08.2024

ஆடி முடிந்து ஊருக்குப் போய் வந்தேன். பிறந்த ஊர் மானாமதுரைப் பக்கம். இழையை விட்டு விலகுகிற மாதிரி இருக்கும், ஆனால் விலகவில்லை.

முளைப்பாரி பார்த்தவர்களுக்குத் தெரியும். மண் ஓட்டில் எருவும் வைக்கோலும் பரப்பி, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு எல்லாம் தூவி, ஓர் அறையில் பூட்டி வைப்போம். தண்ணீர் தெளிக்கப் போகிற அம்மா கூட விளக்கு எடுத்துப் போகமாட்டார். ஒன்பதாம் நாள் வெளியே எடுத்தால் ஒரு முழத்துக்குப் பயிர் நிற்கும். பச்சை இல்லை. வெளிறிய மஞ்சள், மெழுகுவர்த்தி மாதிரி. சாமிக்கு விட்டது அப்படித்தான் வளரும் என்பார் அப்பத்தா.

இந்தத் தடவை ஒரு பாசிப்பயற்றைப் பிடுங்கிக் கிட்ட வைத்துப் பார்த்தேன். தண்டு நூல் மாதிரி நீளம். உச்சியில் கொக்கி. அந்தக் கொக்கிக்குள் இரண்டு குட்டி இலையும் கைகூப்பின மாதிரி மூடிக்கொண்டு இருந்தன. இது சீக்குச் செடி இல்லை, இன்னும் மண்ணுக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிற செடி. மண்ணை முட்டி மேலே வரும்போது உச்சி கிழியாமல் இருக்கத்தான் கொக்கி. வெளிச்சம் என்ற சேதி வரவில்லை, அதனால் கைவசம் உள்ள மாவு எல்லாவற்றையும் உயரத்தில் செலவழிக்கிறது. இலை, பச்சையம் எல்லாம் அப்புறம்.

ஊர்வலம் கிளம்பி, வெயிலில் கோயிலைச் சுற்றி, கண்மாயில் கரைப்பதற்குள் நுனியில் பச்சை ஏறிவிடும். சின்ன வயதில் அதைச் சாமி குடித்த அடையாளம் என்று நம்பினேன். கொக்கி நிமிர்வதற்கும் பச்சை ஏறுவதற்கும் கட்டளை போடுவது சிவப்பைப் படிக்கிற ஃபைட்டோகுரோமும் நீலத்தைப் படிக்கிற கிரிப்டோகுரோமும். கட்டளை போவதற்குக் கொஞ்ச நேர வெளிச்சமே போதும். அம்மா விளக்கு எடுத்துப் போகாதது சும்மா இல்லை.

02.09.2024

இன்று நாற்றுக்காரிப் புலம்பல்.

குழித்தட்டில் தக்காளி நாற்று இருபது நாள் ஆனதும் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார். ஓரத்து நாற்று குட்டை, நடு நாற்று நெட்டை. தட்டு முழுக்கக் கவிழ்த்த சட்டி மாதிரி புடைத்திருக்கும். ஒரே விதை, ஒரே தென்னைநார்க் கழிவு, ஒரே தண்ணீர். முன்பெல்லாம் நடுவில் தண்ணீர் நின்று அப்படி ஆகிறது என்று நினைத்தேன்.

காரணம் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒவ்வோர் இலையும் சிவப்பைத் தின்றுவிட்டுத் தூரச்சிவப்பைச் சுற்றிலும் துப்புகிறது. திறந்த வெயிலில் சிவப்பும் தூரச்சிவப்பும் ஏறக்குறைய சமம், சிவப்பு கொஞ்சம் கூட. அடர்ந்த இலைக்கு நடுவே அந்தக் கணக்குப் பத்தில் ஒன்று, இரண்டு என்று இறங்கிவிடும். நடு நாற்று நாலு பக்கமும் தூரச்சிவப்பைப் பார்க்கிறது. "ஆள் நெருங்குகிறது, மேலே ஓடு" என்று ஓடுகிறது. தண்டு மெலியும், நட்டதும் சாயும், விவசாயி என்னைத் திட்டுவார்.

இதில் அதிசயம், நிழல் விழுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. 1990இல் அர்ஜென்டினாவில் பல்லாரே குழு நாற்றின் தண்டைச் சுற்றி மயில்துத்தக் கரைசல் நிரப்பிய வளையம் மாட்டினார்கள். ஆமாம், பூஞ்சை நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவைக்குப் போடுகிற அதே மயில்துத்தம். அந்த நீலத் தண்ணீர் தூரச்சிவப்பைத் தடுக்கும். வளையம் மாட்டின நாற்று பக்கத்தில் ஆள் இருப்பதை உணராமல் நிம்மதியாகக் குட்டையாகவே நின்றது. இப்படி வளையம் எனக்கு ஒரு லட்சம் வேண்டும். ஓரறிவு உயிர் என்று சொல்லிவிட்டோம். தொட்டால்தான் தெரியும் என்று நினைத்தோம், இது தொடாமலே தெரிந்துகொள்கிறது.

பச்சை நிழல்வலையும் இப்படித்தான். இலை மாதிரியே சிவப்பைக் கொஞ்சம் பிடித்துத் தூரச்சிவப்பை விட்டுவிடும். நான் பச்சை வலையைக் கழற்றிவிட்டு வெள்ளை வலை போட்ட வருடம் நாற்று கட்டையாக வந்தது.

15.09.2024

மேலே கடைசிப் பத்தியை யாரும் நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். நேற்றுப் பழைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். பச்சை வலைக்குக் கீழே நெட்டையாக ஓடினது சித்திரை மாத நாற்று. வெள்ளை வலைக்குக் கீழே கட்டையாக வந்தது மார்கழி நாற்று. ராயக்கோட்டை மார்கழிக்கு எந்த வலையிலும் நாற்று கட்டையாகத்தான் வரும். ஒன்பது வருடமாக இதை எல்லோருக்கும் உபதேசம் செய்து வந்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் சூட்டிலும் அதே தாழ்ப்பாள்தான். ஃபைட்டோகுரோம் இருட்டில் தானாகவே மெல்ல மூடிக்கொள்ளும். இரவு சூடாக இருந்தால் சீக்கிரம் மூடும், தண்டு நீளும். செடி அதை வைத்து வெப்பத்தையும் அளக்கிறது என்று 2016இல் இரண்டு குழுக்கள் காட்டின. ஆக என் சித்திரை நாற்றை நெட்டையாக்கினது வலையா, சூடா, இரண்டுமா என்று என் நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த சித்திரையில் இரண்டு வலையையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டப் போகிறேன்.

28.09.2024

இந்தப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனவர்கள், காட்டுக்கு நடுவே வயல் முழுக்க பல்பு எரிவதைப் பார்த்திருக்கலாம். திருவிழா இல்லை. சாமந்தி.

சாமந்தி நீண்ட இரவு வந்தால் மொட்டு வைக்கும் ஜாதி. செடி போதுமான உயரம் வருவதற்குள் மொட்டு வைத்தால் பூ சிறுத்துவிடும். அதனால் நடு ராத்திரியில் சில மணி நேரம் விளக்குப் போட்டு இரவை இரண்டாக வெட்டுகிறார்கள். செடி இரண்டு குட்டி இரவு என்று கணக்குப் போட்டு, இன்னும் காலம் வரவில்லை என்று இலையே விட்டுக்கொண்டிருக்கும். விளக்கை நிறுத்தின நாளிலிருந்து மொட்டுக் கணக்கு ஆரம்பம். ஜப்பானில், தைவானில், வயல் வயலாக இதே வேலை. வியட்நாமில் பின் துவான் பகுதியில் தலைகீழ்: டிராகன் பழத்துக்கு நீண்ட பகல் வேண்டும், அங்கே விளக்குப் போடுவது பூக்க வைப்பதற்கு.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கதை. பழைய குண்டு பல்பு ஒரு வரிசை ஃபியூஸ். கல்யாண மண்டபத்துக்கு சீரியல் செட் போடுகிறவரிடம் இரவல் வாங்கி அந்த வரிசைக்கு நீல விளக்குக் கட்டினார் அண்ணன். சரியாக அந்தப் பாத்தி மட்டும் முந்திக்கொண்டு மொட்டு வைத்தது. இரவை வெட்டுகிற கத்தி சிவப்பு, நீலத்துக்கு அவ்வளவு கூர் இல்லை என்று நான் விளக்கினேன். அவர் சொன்னார்: "அந்த சீரியல் லைட்டில் என் கையே எனக்குத் தெரியல, செடிக்கு எங்க தெரியும்?" அதுவும் நியாயம். நிறமா, மங்கலா, சொல்ல முடியாது.

11.10.2024

"பகல் நீளம் என்று படித்தேன், நீங்கள் இரவு நீளம் என்கிறீர்கள்" என்று ஒரு கேள்வி. இரவுதான். 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தைச் செடியை வைத்துக் காட்டினார்கள். பகலுக்கு நடுவே இருட்டடித்தால் செடி சட்டை செய்யவில்லை. இரவுக்கு நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் பூக்கவில்லை. செடி எண்ணுவது இடைவெளி இல்லாத இருட்டை. பெயர் மட்டும் குறும்பகல் தாவரம் என்று நிலைத்துவிட்டது.

நம் ஊரில் கோடைக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதையும் கவனித்துக் கணக்கு வைக்கிறது என்றால் பார்த்துக்கொள்.

03.11.2024

நீலம் பற்றி எழுதவே இல்லையே என்று நினைவூட்டியதற்கு நன்றி.

ஜன்னலோரத் தொட்டிச் செடி வெளிச்சத்துக்குச் சாய்கிறதே, அது நீலத்தின் வேலை. 1864இலேயே யூலியஸ் ஸாக்ஸ் நிறத் திரவங்கள் வழியாக ஒளியை விட்டுப் பார்த்து, நீலம் வந்தால் வளைகிறது, சிவப்பு வந்தால் வளைவதில்லை என்று கண்டார். 1880இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளையின் நுனிக்குக் குல்லா போட்டார்கள். நுனி மூடினால் வளையவில்லை. பார்ப்பது நுனி, வளைவது அதற்குக் கீழே. படிக்கிற புரதத்துக்கு ஃபோட்டோட்ரோபின் என்று பெயர் வைக்க இன்னொரு நூறு வருடத்துக்கு மேல் ஆனது. இலைத்துளையைக் காலையில் திறக்கச் சொல்வதும் அதுதான். சிவப்பு மட்டும் கொடுத்து வளர்த்தால் தண்டு நீண்டு இலை சுருண்டு சில பயிர் பரிதாபமாக இருக்கும், கொஞ்சம் நீலம் சேர்த்தால் சரியாகும்.

பையன் கேட்கிறான், சூரியகாந்தியும் இப்படித்தான் திரும்புகிறதா என்று. இளம் செடிதான் சூரியனோடு சுற்றும். பூத்து முற்றினதும் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். கிழக்குப் பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடாகி அதிகத் தேனீயைக் கூப்பிடும். தொட்டிச் செடி வளைகிற அதே வழியில் சூரியகாந்தி திரும்புவதில்லை போலிருக்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே "ஆமாம்" என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டேன்.

22.12.2024

சித்தி வாக்கப்பட்டது கும்பகோணம் பக்கம். நேற்று போனில் சித்தப்பா ஒரே கோபம். அவர் போட்டிருப்பது பழைய ரகச் சம்பா, பருவம் பார்த்துக் கதிர் விடும் ஜாதி. எப்போது நட்டாலும் இரவு நீண்டால்தான் கதிர். ரோட்டோரம் ஒரு தெருவிளக்கு புதிதாக வைத்திருக்கிறார்கள். வயல் முழுக்கக் கதிர் வந்து தலை சாய்கிறது. விளக்குக்குக் கீழே மட்டும், பாய் விரித்த மாதிரி வட்டமாக, கரும்பச்சையில் புல்லாகவே நிற்கிறதாம். உரம் அதிகமாகிவிட்டதா, பூச்சியா என்று மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார்.

"சித்தப்பா, அந்த நெல்லுக்கு இன்னும் ராத்திரியே வரவில்லை" என்றேன். சாமந்திக்குப் பணம் கொடுத்துச் செய்கிற வேலையை அவருக்கு இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். குறுகிய கால ரகம் பலவற்றுக்கு இந்தக் கவலை இல்லை, அவை இரவைப் பார்க்காமல் நாளை எண்ணிக் கதிர் விடும். விளக்கின் வயல் பக்கத்துக்கு ஒரு தகரம் மறைப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் அந்த வட்டம் மாட்டுக்குத்தான்.

05.01.2025

கேள்வி கேட்ட தம்பி படம் அனுப்பியிருக்கிறான். வெள்ளை டியூப் போட்டும் நாற்று முளைப்பாரி மாதிரி! "ஊதாவே வாங்கியிருக்கலாம்" என்று ஒரு குத்தல் வேறு.

படத்தில் டியூப் ரேக்கின் மேல் கூரையில் இருக்கிறது, நாற்று மூன்று அடி கீழே. நிறத்தைப் பற்றி ஐந்து மாதம் அளந்தவள் முதல் விஷயத்தைச் சொல்லவில்லை, தப்பு என்மேல்தான். எந்த நிறமானாலும் போதுமான அளவு வேண்டும். நம் கண்ணுக்கு வெளிச்சமான அறை செடிக்கு அரை இருட்டு. டியூபை நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு இறக்கு, வளர வளர ஏற்று. ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போடு. பதினாலு பதினாறு மணி நேரம் எரியவிட்டு ராத்திரி அணைத்துவிடு. வெள்ளை எல்இடி என்பதே நீல விளக்கின் மேல் மஞ்சள் பூச்சு, நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் அதில் கிடைக்கும். தண்டையும் தினம் இரண்டு தடவை கையால் மெல்லத் தடவிக்கொடு. அது வெளிச்சச் சேதி இல்லை, தொடு சேதி, ஆனால் கட்டையாக்கும்.

19.01.2025

கடைசியாக ஒரு அடுக்களைச் சோதனை, விளக்கு வேண்டாம், காசு வேண்டாம். ஊதாக் கத்தரிக்காயின் காம்புக் குல்லாவைத் தூக்கிப் பார். குல்லா மூடியிருந்த இடம் வெளுப்பாக இருக்கும், குல்லாவின் விளிம்பு எப்படி நெளிகிறதோ அப்படியே அச்சு. ஊதாச் சாயம் வெளிச்சம் பட்டால்தான் காயில் ஏறுகிறது. நீலமும் புற ஊதாவும் இதில் முக்கியம். நன்றாக வளர்கிற காயில் குல்லாவை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அது புதிதாக வெளியே வந்த பகுதி, இன்னும் வெயில் குடிக்கவில்லை.

தோட்டத்தில் ஒரு பிஞ்சின் மேல், குல்லாவை ஒட்டிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன். பையன் தன் பெயரின் முதல் எழுத்தை வெட்டி ஒட்டச் சொன்னான், "க"தான், வளைவு கொஞ்சம் சொதப்பல். பத்து நாளில் படம் போடுகிறேன்.

31.01.2025

படம் இல்லை. தைவெள்ளிக்குச் சாம்பார் வைக்க அத்தை தோட்டத்துக்குப் போயிருக்கிறார். டேப் சுற்றிய காயைப் பார்த்ததும், புழு ஓட்டையை நான் ஒட்டி மறைத்திருக்கிறேன் என்று நினைத்து முதலில் அதைத்தான் பறித்தாராம். உரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ கோணல்மாணலாக இருந்ததாம். சொத்தை என்று அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டிருக்கிறார். பையன் இரண்டு தடவை சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அப்புறம்தான் விஷயம் தெரிந்து அழுதான்.

வேறு பிஞ்சுக்குச் சுற்றியாகிவிட்டது. இந்தத் தடவை டேப்பின் மேலேயே "பறிக்காதீங்க அத்தை" என்று எழுதியிருக்கிறேன்.